வாத்து வேட்டை முன்புபோல் இல்லை. சலிப்பில்லாமல் தொடர்வது எப்படி?

2014-ல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் வாத்து வேட்டையைத் தொடங்கியவர் நீங்கள். முதல் சில சீசன்களில் காலையில் வானம் நிறைய மல்லார்ட் (பச்சைத்தலை காட்டு வாத்து) பார்த்திருக்கிறீர்கள். இப்போது பொதுநிலத்தில் விடியும் முன்பே படகு வரிசை, டிசம்பரில் ஸ்வெட்டரே தேவைப்படாத வெயில், நாள் முழுக்கக் காத்திருந்தால் இரண்டோ மூன்றோ பறவை. காலம் மாறிவிட்டது, நம்பிக்கை குறையாமல் எப்படித் தொடர்வது, இல்லை படகையும் டெக்காய்களையும் (வாத்தை இறக்க மிதக்கவிடும் பொம்மை வாத்துகள்) விற்றுவிட்டு ஒதுங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மனதைத் தேற்றிக்கொள்ள வழி சொல்வதைவிட உங்கள் கேள்வியைப் பிரித்துப் பார்ப்பது பயன்படும் என்று நினைக்கிறேன். வாத்து நிஜமாகவே குறைந்துவிட்டதா? இருக்கிற வாத்து ஏன் இவ்வளவு தெற்கே வருவதில்லை? வந்த வாத்து ஏன் உங்கள் டெக்காய்க்கு இறங்குவதில்லை? மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. மூன்றையும் சேர்த்து "காலம் கெட்டுப்போச்சு" என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் சலிப்பைத் தவிர வேறெதுவும் மிஞ்சாது.

முதலில் எண்ணிக்கை. அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து 1955 முதல் வசந்தகாலத்தில் வாத்துகளின் இனப்பெருக்கப் பகுதிகளை விமானத்தில் பறந்து கணக்கெடுக்கின்றன. கோவிட் காரணமாக 2020, 2021 இரண்டு வருடம் மட்டும் நடக்கவில்லை. 2015-ல் வந்த எண் 4.95 கோடி, அந்தக் கணக்கெடுப்பின் வரலாற்றிலேயே உச்சம். 2023-ல் 3.23 கோடி, 2024-ல் 3.4 கோடி. நீண்டகாலச் சராசரி சுமார் 3.5 கோடி. இந்த நான்கு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் துப்பாக்கி பிடித்துப் பழகிய வருடங்கள் உச்சத்தின் வருடங்கள். உங்கள் அளவுகோலே அங்கேதான் செய்யப்பட்டது. இப்போது இருப்பது சராசரிக்குச் சற்றுக் கீழே. அது வருத்தப்பட வேண்டிய செய்திதான், ஆனால் சரிவின் அடிமட்டம் என்று சொல்ல முடியாது. 1988 முதல் சில வருடங்கள் மிசிசிப்பி ஃப்ளைவேயில் (ஆர்கன்சா அடங்கிய பறவை வலசைப் பாதை) சீசனே 30 நாள், ஒரு நாளைக்கு 3 வாத்துதான். இன்று நாம் இயல்பு என்று நினைக்கும் 60 நாள், 6 வாத்து என்பது 1997-ல் வந்தது. அந்த 30 நாள் காலத்தில் சேற்றில் நின்றவரிடம் இன்றைய சீசனைக் கொடுத்திருந்தால் பெரிய வரமாக வாங்கிக்கொண்டிருப்பார்.

இந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் துப்பாக்கி இல்லை, தண்ணீர். அமெரிக்காவின் டகோடாக்கள், கனடாவின் சஸ்காச்சுவான், மானிட்டோபா பக்கத்துப் பிரேரிப் புல்வெளிச் சமவெளியில் பனிப்பாறைகள் விட்டுப்போன லட்சக்கணக்கான சின்னக் குட்டைகள் இருக்கின்றன. வசந்தத்தில் அவை நிறைந்திருந்தால் பெட்டைகள் அங்கே தங்கி முட்டையிடும், கூடு கலைந்தால் மறுபடியும் கட்டும். குட்டைகள் வறண்டிருந்தால் பல பெட்டைகள் முட்டையிட முயற்சிக்கவே செய்யாது. வேட்டைக்காரர்கள் கவனிக்காத ஒன்று இதில் உண்டு: வறட்சி எப்போதுமே கேடு என்று சொல்ல முடியாது. குட்டை காய்ந்து மண் காற்றுப்படும்போது அடியில் அழுகிக் கிடந்தவை மட்கிச் சத்து வெளியாகிறது; செடிகள் முளைக்கின்றன. மறுபடி தண்ணீர் நின்றதும் அதில் பூச்சிகளும் புழுக்களும் பெருகும். முட்டையிடும் பெட்டைக்கும் பொரிந்த குஞ்சுக்கும் அந்தப் புரதம்தான் உயிர். வருடக்கணக்கில் ஒரே மட்டத்தில் தண்ணீர் நிற்கும் குட்டை மெல்ல மந்தமாகிவிடும். அதனால் சில மோசமான வருடங்கள் அடுத்த நல்ல வருடங்களுக்கு உரம் போடுகின்றன.

வறட்சி வருடம் உங்கள் வேட்டையை இரண்டு மடங்காகப் பாதிப்பதற்கும் காரணம் உண்டு. அந்த வருடம் தெற்கே வரும் கூட்டத்தில் இளம் பறவை குறைவு. முதல் பயணம் வரும் இளம் பறவைதான் டெக்காயை நம்பி இறங்கும். மூன்று நான்கு சீசன் பார்த்த முதிர்ந்த மல்லார்ட் உயரத்திலேயே இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் போய்விடும். மொத்த எண்ணிக்கை பத்து சதவீதம் குறைந்தாலும் கையில் கிடைப்பது பாதியாகக் குறைந்ததுபோல் தோன்றுவது இதனால்தான். இதை நீங்களே சோதிக்கலாம். சுட்ட மல்லார்டின் வால் இறகுகளை ஒவ்வொன்றாக விரித்து நுனியைப் பாருங்கள். இளம் பறவையின் வால் இறகு நுனியில் குஞ்சுத் தூவி ஒடிந்து விழுந்த இடத்தில் 'வி' போலச் சிறு வெட்டு இருக்கும். முதிர்ந்த பறவைக்கு நுனி முழுதாக, வழவழவென்று முடியும். சீசனின் முதல் சில வாரங்களில் இது நன்றாகத் தெரியும். பிறகு இளம் பறவைகள் வால் இறகை மாற்றிக்கொள்வதால் குழப்பம் வரும், ஆகவே ஜனவரியில் வாலை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நவம்பரில் சுட்டதில் பெரும்பாலானவை முதிர்ந்தவை என்று தெரிந்தால் டெக்காய் வைத்ததில் தப்பா, வாத்துக் குரல் எழுப்பும் ஊதலை ஊதியதில் தப்பா என்று இரவெல்லாம் குடைந்துகொள்ள வேண்டியதில்லை.

சுழற்சியில் திரும்பி வராதவையும் உண்டு, அதை மறைத்து நம்பிக்கை சொல்வதில் அர்த்தமில்லை. அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலாக அமெரிக்காவில் ஒருகாலத்தில் இருந்த சதுப்பு நிலத்தில் பாதிக்கு மேல் 1980களுக்குள்ளேயே வடிக்கப்பட்டுவிட்டது. வடித்து உழுத குட்டை எத்தனை மழை பெய்தாலும் வாத்துக்குப் பயன்படாது. 2023-ல் சாக்கெட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, ஆறு ஏரிகளோடு மேற்பரப்பில் தொடர்பில்லாத தனிக் குட்டைகள் பலவற்றுக்கு மத்திய அரசின் நீர்ச் சட்டப் பாதுகாப்பு இல்லை. பிரேரிக் குட்டைகளில் மிகப் பல அந்த வகைதான். தண்ணீர் திரும்பும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. திரும்பும்போது அது நிற்க எத்தனை குட்டை மிச்சமிருக்கும் என்பதுதான் திறந்த கேள்வி.

இரண்டாவது, ஏன் இங்கே வருவதில்லை. எல்லா வாத்தும் ஒரே மாதிரி நகர்வதில்லை. நீலச்சிறகு டீல் என்ற சிறிய வாத்து நாள்காட்டி பார்த்து வருவதுபோலப் பகல் வெளிச்சம் குறைவதை வைத்துக் கிளம்பிவிடும், அதனால்தான் அதற்குச் செப்டம்பரில் தனி சீசன். கேட்வால் என்ற இன்னொரு வாத்தும் ஏறக்குறைய அப்படியே. மல்லார்ட் பிடிவாதக்காரப் பறவை. தண்ணீர் உறைந்து, வயலில் பனி மூடி, தீனி எட்டாத நிலை வரும்வரை வடக்கிலேயே இருக்கும். மிசூரியிலும் அயோவாவிலும் பனி விழாத டிசம்பரில் உங்கள் வயலில் மல்லார்ட் இல்லாதது இயற்கைதான். வளையம் போட்ட பறவைகளின் தகவலில் மல்லார்ட் சுடப்படும் இடங்கள் பல பத்தாண்டுகளில் வடக்கு நோக்கி நகர்ந்திருப்பது தெரிகிறது, அது உறுதி. அதில் குளிர் குறைந்ததன் பங்கு எவ்வளவு, வடக்கில் அறுவடைக்குப் பின் கிடக்கும் மக்காச்சோளத்தின் பங்கு எவ்வளவு, தெற்கில் துப்பாக்கி நெருக்கடியின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. படகுத்துறையில் பேசுகிறவர்கள் வடக்கே யாரோ வேண்டுமென்றே வாத்தைப் பிடித்து வைத்திருப்பதாகச் சத்தியம் செய்வார்கள். அந்தப் பேச்சில் பாதியைத் தள்ளிவிடுங்கள்.

தெற்கிலேயே தீனி குறைந்திருக்கிறது என்பதும் உண்மை. சீக்கிரம் விளையும் நெல் ரகங்கள் வந்தபின் அறுவடை ஆகஸ்ட், செப்டம்பரிலேயே முடிகிறது. சிந்திய நெல் வாத்து வருவதற்குள் முளைத்தோ மட்கியோ எலிக்குப் போயோ பெரும்பகுதி தீர்ந்துவிடும். பொதுக் காட்டிலும், வேட்டைக்காக வருடா வருடம் இலையுதிர் காலத்திலேயே தண்ணீர் தேக்கியதால் வாத்து தின்னும் சிறு கொட்டை தரும் நட்டால் ஓக், வில்லோ ஓக் மரங்கள் பலவீனமாகிச் சாகின்றன. வாத்து விழுங்க முடியாத பெரிய கொட்டை தரும் ஓவர்கப் ஓக் அந்த இடத்தைப் பிடிக்கிறது. ஆர்கன்சாவின் பேயூ மீட்டோ போன்ற பொது வேட்டைக் காடுகளில் மாநில வனவிலங்குத் துறை தண்ணீர் தேக்குவதைத் தாமதப்படுத்துவது இதற்காகத்தான். "சீசன் தொடங்கியும் தண்ணீர் விடவில்லை" என்று நாம் திட்டுவது, மரம் பிழைக்க வேண்டும் என்று எடுத்த முடிவை. என் கணிப்பில் அந்த முடிவு சரி. இப்போது வெறும் தரையாகத் தெரியும் காட்டில் இன்னும் முப்பது வருடம் கழித்து ஓக் கொட்டை விழ வேண்டுமே.

மூன்றாவதுதான் உங்கள் கையில் இருப்பது, அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசலாம். வாத்து வந்திருந்தும் இறங்காவிட்டால் காரணம் பெரும்பாலும் நெருக்கடி. தினமும் சுடப்படும் இடத்தில் வாத்து பகலில் சரணாலயத் தண்ணீரில் உட்கார்ந்திருந்து, சட்டப்படி சுடும் நேரம் முடிந்த பிறகு தீனிக்குக் கிளம்பும். உடலில் கருவி பொருத்தி ஆராய்ந்ததில் இது தெளிவாகவே தெரிந்திருக்கிறது. மோட்டாரில் சிறகு சுழலும் டெக்காய் 2000 வாக்கில் பரவியபோது அதிசயம் செய்தது. இப்போது கனடாவிலிருந்து லூயிசியானா வரை ஒவ்வொரு குளத்திலும் அதைப் பார்த்துக்கொண்டே வரும் பறவைக்கு ஜனவரியில் அதுவே அபாய விளக்கு. சீசனின் முதல் வாரங்களிலும் இளம் பறவை நிறைய இருக்கும் வருடங்களிலும் வையுங்கள்; பிறகு ரிமோட்டில் நிறுத்துங்கள், அல்லது வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

அதற்குப் பதிலாக இழுகயிறு செய்யுங்கள். எழுபது எண்பது அடி நீளத்தில் கறுப்பு அல்லது பழுப்பு நிற நைலான் கயிறு. தூர முனையில் மூன்றடி பங்கி ரப்பர் கயிறு, அதன் மறுமுனையைத் தண்ணீருக்கடியில் ஒரு கனமான நங்கூரத்திலோ மரத்தின் அடியிலோ கட்டுங்கள். ரப்பருக்கு இப்பால் இரண்டடி இடைவெளியில் மூன்று நான்கு டெக்காய்களைக் கொக்கியில் மாட்டுங்கள். இழுத்து விட்டால் ரப்பர் திருப்பி இழுக்கும், தண்ணீரில் வட்ட அலை போகும். இதில் வழக்கமாக நடக்கும் தப்புகள் இரண்டு: கயிறு தளர்வாக இருப்பது, இழுத்துக்கொண்டே இருப்பது. பறவை உங்களை விட்டு விலகித் திரும்பும்போது இழுங்கள். நேரே உங்களைப் பார்த்து வரும்போது கையை அசைக்காதீர்கள். மரங்களுக்கு இடையில் நிற்பவர் காலால் தண்ணீரைக் கலக்கினாலே போதும். காற்றில்லாத காலையில் கண்ணாடிபோல் கிடக்கும் தண்ணீரில் அசையாத மூன்று டஜன் டெக்காயைவிட அலை கிளப்பும் ஆறு டெக்காய் மேல்.

ஒளிவிடம் இதைவிட முக்கியம். பறவை சுற்றிவிட்டு விலகிப்போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஊதலை அல்ல, உங்கள் முகத்தை. வெயில் பட்ட முகம் வெளிர் தட்டுபோல மேலே தெரியும். மரத்தின் நிழல் விழும் பக்கத்தில் ஒட்டி நில்லுங்கள், தலையை உயர்த்தாமல் கண்ணை மட்டும் உயர்த்துங்கள். போட்ட தோட்டாவின் காலி உறைகளைப் பொறுக்குங்கள், படகை நன்றாகத் தள்ளி மறையுங்கள். காற்று முதுகுக்குப் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலோ வரும்படி உட்கார்ந்து, டெக்காய்களுக்கு நடுவே இருபது கஜ தூரத்தில் இறங்க வெற்றிடம் விடுங்கள். ஊதுவதைக் குறையுங்கள், இறக்கையை மடக்கி இறங்கத் தொடங்கிவிட்ட பறவைக்கு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமை விடியலை விட்டுவிட்டுச் செவ்வாய், புதன் முயன்று பாருங்கள். வேலை விடாவிட்டால் சனிக்கிழமையே ஒன்பது மணிக்குப் போங்கள்: முதல் கூட்டம் அலுத்துக் கிளம்பும் நேரம் அது. ஆனால் ஆர்கன்சா மாநில வேட்டை நிலங்களில் நண்பகலோடு சுடுவது முடிந்துவிடும், ஆளுக்குப் பதினைந்து தோட்டாதான் அனுமதி. கிளம்பும் முன் அந்த வருட விதிப்புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள்.

பதினைந்து தோட்டா என்றதும் சுடும் திறமை நினைவுக்கு வருகிறது, ஏனென்றால் மனநிறைவு அதில்தான் நிறைய இருக்கிறது. 1991 முதல் நாடு முழுக்க வாத்து வேட்டையில் ஈய ரவை தடை; பெரும்பாலோர் எஃகு ரவை போடுகிறார்கள். எஃகு ஈயத்தைவிட இலேசு, சீக்கிரம் வேகம் இழக்கும். சுடப்பட்டும் கைக்கு வராமல் போகும் பறவை, எடுத்த பறவையில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று என்று பழைய கணக்குகள் சொல்கின்றன. இந்தக் கணக்கை உங்கள் அளவில் குறைப்பது வானத்தை நம்பியிராத வேலை. செப்டம்பரில் பெரிய தாளில் முப்பது அங்குல வட்டம் போட்டு நாற்பது கஜத்திலிருந்து உங்கள் துப்பாக்கியால் சுடுங்கள். ஒன்றேகால் அவுன்ஸ் 2ஆம் எண் அளவு எஃகு ரவைத் தோட்டாவில் சுமார் 156 ரவை இருக்கும். மல்லார்டுக்கு வட்டத்துக்குள் 85 அளவில் விழ வேண்டும். விழாவிட்டால் சோக்கை (ரவை பரவுவதைக் கட்டுப்படுத்தும் குழல்முனைக் குறுக்கத்தை) மாற்றுங்கள், அல்லது வேறு தோட்டா பாருங்கள். ஒரே சோக்கில் இரண்டு நிறுவனத் தோட்டா இரண்டு விதமாகப் பரவும், மூன்று தாளாவது சுட்டால்தான் தெரியும். எஃகுக்கு நடுத்தரக் குறுக்கமான மாடிஃபைட் சோக்கே பெரும்பாலும் போதும், மரக்காட்டில் இருபத்தைந்து கஜத்துக்குள் என்றால் அதைவிட அகலமாகப் பரவும் இம்ப்ரூவ்டு சிலிண்டர். வேட்டையில் முப்பத்தைந்து கஜத்தில் ஒரு டெக்காயை எல்லைக் கல்லாக வைத்து அதற்கு அப்பால் சுடாதீர்கள். விழுந்த பறவை தலை தூக்கி நீந்தினால் உடனே மறுபடி சுடுங்கள். ஒரு நிமிடம் யோசித்தால் முங்கிப் புல்லுக்குள் போய்விடும்.

லிமிட், அதாவது ஒரு நாளைக்குச் சுட அனுமதித்த எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. 6 என்பது மேல்வரம்பு, தேர்ச்சி மதிப்பெண் இல்லை. நாடு முழுக்கச் சுமார் பத்து லட்சம் பேர் வேட்டையாடி ஒரு சீசனில் எடுப்பது ஒரு கோடி சொச்சம் வாத்து. ஆளுக்கு முழு சீசனுக்கும் சராசரி பத்து, பன்னிரண்டு. நாளுக்கு இரண்டு மூன்று என்று அலுத்துக்கொள்கிறீர்கள். பத்து நாள் போனால் நீங்கள் சராசரிக்கு மிக மேலே. போனில் வரும் படங்களில் பறவைக் குவியலோடு சிரிப்பவர்கள் தங்கள் காலி நாள்களைப் படம் எடுப்பதில்லை. ஒரு சின்ன நோட்டில் தேதி, காற்றின் திசை, வெப்பம், தண்ணீர் மட்டம், பார்த்த பறவை, எல்லைக்குள் வந்த பறவை, சுட்ட தோட்டா, எடுத்தது, தவறியது என்று எழுதி வாருங்கள். மூன்று சீசன் ஆனதும் எந்தக் காற்றுக்கு எந்த இடம் என்று அதுவே சொல்லும்.

இனி, வேட்டைக்கு வெளியே செய்ய இருப்பது. 1934 முதல் டக் ஸ்டாம்ப் (வாத்து வேட்டைக்காரர் வாங்க வேண்டிய மத்திய அரசு முத்திரை) இருக்கிறது, இன்று 25 டாலர். ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் சதுப்பு நிலம் வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது, இதுவரை 60 லட்சம் ஏக்கருக்கு மேல். இரண்டு வாங்கினால் யாரும் தடுக்கப்போவதில்லை. சீசனுக்கு முன் பதிவு செய்பவர்களில் சிலருக்கு மீன்-வனவிலங்குத் துறை உறை அனுப்பி, சுட்ட வாத்தின் ஒரு சிறகைத் தபாலில் கேட்கும். உங்களுக்கு வந்தால் தவறாமல் அனுப்புங்கள்: நான் மேலே சொன்ன இளம்-முதிர் விகிதத்தை நாடு அறிவது அந்தச் சிறகுகளிலிருந்துதான்.

கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்றால், மரப்பொந்தில் முட்டையிடும் வுட் டக் என்ற வாத்துக்குக் கூட்டுப் பெட்டி. அழிந்துவிடும் என்று பயந்து 1918 முதல் 1941 வரை சுடவே தடை இருந்த பறவை அது. இன்று கிழக்கில் சாதாரணமாகக் கிடைக்கிறது. பன்னிரண்டு அங்குலச் சதுரத் தரை, இரண்டடி உயரம், மூன்று அங்குல உயரமும் நான்கு அங்குல அகலமுமான நீள்வட்ட வாசல். உள்ளே வாசலுக்குக் கீழே கம்பிவலைப் பட்டை அடித்தால்தான் பொரிந்த மறுநாள் குஞ்சுகள் ஏறி வெளியே குதிக்க முடியும். அடியில் நான்கு அங்குலம் மரச்சீவல் போடுங்கள். மரத்தூள் வேண்டாம், ஈரத்தில் கட்டியாகி முட்டையைக் கெடுக்கும். தண்ணீருக்கு மேலே கம்பத்தில், கம்பத்தைச் சுற்றி அகலமான தகரக் கூம்பு. கூம்பில்லாத பெட்டி ராக்கூனுக்கும் பாம்புக்கும் சாப்பாட்டுத் தட்டு, அதைவிட வைக்காமலிருப்பது நல்லது. ஒன்றிலிருந்து பார்த்தால் அடுத்தது தெரியும்படி நெருக்கி வைத்தால் பல பெட்டைகள் ஒரே பெட்டியில் முட்டையைக் கொட்டிவிட்டுப் போய்விடும். ஜனவரி, பிப்ரவரியில் பழைய சீவலை அள்ளிப் புதிதாகப் போடுங்கள்.

படகை விற்பதைப் பற்றி: இப்போது வேண்டாம். ஆகஸ்டு மாத வாக்கில் அந்த வருடக் கணக்கெடுப்பு அறிக்கை வரும். மொத்த வாத்து எண்ணிக்கையைத் தேடி ஓடாமல் அதிலிருக்கும் மே மாதக் குட்டைகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். வறட்சிக்குப் பிறகு குட்டைகள் சட்டென்று உயர்ந்த வருடம், மொத்த எண் இன்னும் சுமாராக இருந்தாலும், இலையுதிர் காலத்தில் இளம் பறவை நிறைய வரும். அந்த வருடத்துக்கு விடுப்பைச் சேர்த்து வையுங்கள். குட்டைகள் குறைந்த வருடத்தில் இரண்டு டஜன் டெக்காயைக் கொடுத்துவிட்டு ஒரு டஜனும் இழுகயிறும் மட்டும் வைத்துக்கொண்டு, மல்லார்டை எதிர்பார்க்காமல் செப்டம்பர் டீலுக்கும் நவம்பர் கேட்வாலுக்கும் போங்கள்.